மலைகளுக்கு நடுவே விட்ட இடம்

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மிஷின் மிதிப்பதை உண்மையிலேயே குறைத்துவிட்டீர்களா, இல்லை எனக்கு எழுதும் கடிதத்தில் மட்டும்தானா?

ஒரு பார்சல் வரும். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் உங்கள் மகன் வரைந்த மலைப் படம். நீர்வண்ணம். நாங்கள் மலைக்குப் போயிருந்தபோது விடுதி வராந்தாவில் உட்கார்ந்து வரைந்தது. அவர் காய்ச்சலில் போன பிறகு இந்த இரண்டு வருடமும் என் கட்டிலுக்கு எதிரே இருந்தது. கண் விழித்தால் அதுதான்.

அடுத்த மாதம் வீடு மாறுகிறேன். புது வீட்டில் அதை மாட்டச் சரியான சுவர் இல்லை. உங்களிடம் இருக்கட்டும். வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், வெளுத்துவிடும். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது.

பரிசோதனைக்கூடத்தில் வேலை அதிகம். ஊர் குடிக்கிற தண்ணீரெல்லாம் முதலில் என் கண்ணாடிக் குழாய்களில் வந்து நின்றுவிட்டுத்தான் போகிறது. பார்சல் கட்டிக் கொடுத்தவர் எங்கள் பம்ப் ஹவுஸ் இன்ஜினியர். கூடத்தில் எல்லோரும் அவரை வால்வு என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் போடும் முடிச்சு சுலபத்தில் அவிழாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைத் தவிர எனக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை.

உங்கள் மருமகள்

*

ஜனவரி 21

அன்பு மருமகளுக்கு,

இங்கே நலம். முழங்கால் அதன் இடத்தில்தான் இருக்கிறது. உன் வறட்டு இருமல் விட்டதா?

பார்சல் வந்தது. அந்த முடிச்சோடு அரை மணி மல்லுக்கட்டினேன். அவிழ்க்க முடியவில்லை. வெட்டவும் மனம் வரவில்லை, அவ்வளவு நல்ல முடிச்சு. கடைசியில் வெட்டினேன்.

சுவர் இல்லாத வீட்டை உனக்கு யார் வாடகைக்கு விட்டது? கூரையாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

துணிகளை ஒதுக்கிவிட்டு, வெட்டும் மேசைமேல் படத்தை வைத்துப் பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மலை என்றால் பச்சை. இது நீலம். சரி, தூரத்து மலை நீலம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இரண்டாவது மலைக்கும் மூன்றாவது மலைக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு வெறும் காகிதம். ஒன்றுமே இல்லை. விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். (துடைக்கவில்லை.) காகிதம்தான்.

உனக்குத் தெரியாததா. அவன் எதை முடித்தான்? படிப்பைக் கடைசி வருடத்தில் விட்டான். என் கடையில் உட்கார்ந்த கொஞ்ச நாளில் சட்டைக்குக் காஜா எடுக்காமலே பொத்தான்களைத் தைத்து வைத்தான். வாங்கிப் போனவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஓட்டையைத் தேடினார். சாப்பாட்டில் பாதியைத் தட்டில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவான். "முடிச்சுட்டு எழுந்திருடா" என்பதைத்தான் நான் அவனிடம் அதிகம் சொல்லியிருக்கிறேன். ஓரம் அடிக்காத துணியை நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. எனக்குப் பிறந்தவன் அப்படி.

நீ இதை இரண்டு வருடம் பார்த்திருக்கிறாய். உனக்கு என்ன தெரிகிறது? எனக்கும் சொல்லிக் கொடு. வயதானால் என்ன, இந்தக் கண் இன்னும் ஊசியில் நூல் கோக்கிறது.

புது வீடு எதற்கு என்று நீ எழுதவில்லை.

ஆசிகளுடன்
மாமா

*

பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. நீங்கள் நலம் என்று படித்ததில் நிம்மதி.

முதலில் படத்தை மேசையிலிருந்து எடுங்கள். அந்த மேசைமேல் எதை வைத்தாலும் உங்களுக்குத் துணியாகத்தான் தெரியும். சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டுக் கடை வாசல்வரை பின்னால் போங்கள். பிறகு மெதுவாகக் கிட்டே வாருங்கள்.

கீழிருந்து தொடங்குங்கள். முதல் மலையில், தூரிகை காய்ந்த நிலையில் இழுத்த இடம் சொரசொரப்பாகத் தெரியும். அது பாறை. பாறையை அவர் வரையவில்லை. காகிதத்தின் சொரசொரப்பையே பாறையாக இருக்கவிட்டார். இரண்டாவது மலையில் தண்ணீர் அதிகம். நிறம் தானாக இறங்கி, காயும்போது விளிம்பில் ஒரு கோடாக நின்றிருக்கிறது. அதையும் யாரும் போடவில்லை. மூன்றாவது மலை கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். தூரிகை கழுவிய தண்ணீரில் வரைந்துவிட்டாரோ என்று தோன்றும். அவ்வளவு லேசு. ஆனால் மூன்றிலும் பெரியது அதுதான். உங்களுக்கும் அப்படித் தெரிகிறதா என்று எழுதுங்கள்.

நடுவில் உள்ள இடத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது முடியாது. மாதிரி எடுக்கப் போகிற வண்டி வாசலில் நிற்கிறது. வால்வு ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 12

அன்பு மருமகளுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடி வாசல்வரை பின்னால் போனேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாளின் காலை மிதித்தேன். "என்ன டெய்லர், உங்க கடைய நீங்களே இப்பத்தான் பாக்குறீங்களா?" என்றார். அவருக்கும் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றார். "குளிருதுங்க" என்றார். அரைக் கை சொல்ல வந்தவர், முழுக் கை வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பாறை தெரிந்தது. முரட்டுத் துணியைக் கையால் தடவினதுபோல இருந்தது. இரண்டாவது மலையின் விளிம்புக் கோடும் தெரிந்தது. தையலைப் பிரித்த பிறகும் நூல் போன தடம் துணியில் இருக்குமே, அந்த மாதிரி. காலையில் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம். நேற்று மூன்றாவது மலையைக் காணவே காணோம். விளக்கைப் போட்டதும் வந்தது. ஆமாம், அதுதான் பெரியது. வெட்ட எடுத்த கத்தரியோடு நின்றபடியே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை கெடுகிறது.

அதனால்தான் அந்த வெறும் இடம் இன்னும் உறுத்துகிறது. இவ்வளவு தெரிந்தவன் அதை ஏன் விட்டான்? காய்ச்சல் அப்போதே வந்துவிட்டதா? கை ஓய்ந்துபோயிற்றா?

தெருவில் பெயர்ப்பலகை எழுதுகிற போர்டுக்காரர், கால்சட்டை இடுப்பைத் தளர்த்திக்கொள்ள வந்தார். அவரும் பார்த்தார். "நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு, நடுவுல விட்டுட்டானேப்பா" என்றார். பிறகு சும்மா இருக்காமல், "ஆமா, மருமக எதுக்குப் படத்த உனக்கு அனுப்பிட்டா? வேற கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கப் போறாளா?" என்றார். கத்தரியை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். "இன்னொரு வார்த்தை பேசினா இடுப்ப இன்னும் ரெண்டு இன்ச் புடிச்சு வெச்சிடுவேன்" என்றேன்.

ஆனால் அவரிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். நீ வரும்போது பார்ப்பாய்.

மாமா

*

பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். வீடு மாறியாயிற்று. புது முகவரி உறையின் பின்னால்.

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். கத்தரி வரும் இடத்தையும்.

அந்த வெறும் இடம். அது பாதியில் விட்டது இல்லை, மாமா. வெள்ளை என்று ஒரு வண்ணத்தை அவர் பெட்டியில் வைத்துக்கொண்டதே இல்லை. வெள்ளை வேண்டுமானால் காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். தொட்டுவிட்டால் போயிற்று, திரும்பக் கிடைக்காது. அன்று காலை பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. மலைகளைச் சட்டென்று போட்டுவிட்டார். அந்த இடத்துக்கு வந்ததும் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிப்போயிற்று. "அவ்வளவுதானா?" என்று நானும் உங்களைப்போலவே கேட்டேன். தூரிகையைக் கழுவி, உதறி, பெட்டியில் வைத்து மூடினார். "முடிஞ்சுது. இதுக்கு மேல கை வெச்சா பனி போயிடும்" என்றார்.

காய்ச்சல் வந்தது அதற்குப் பிறகு, மழைக்காலத்தில். அன்று நன்றாக இருந்தார். சிரித்துக்கொண்டே, "எங்கப்பா பாத்தா, முடிச்சுட்டு எழுந்திருடான்னுவாரு" என்றார்.

உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். தாள் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? பதில் இல்லை. முழங்காலா? மிஷினில் உட்கார முடியாவிட்டாலும் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு வரி எழுதலாமே.

நான் எழுதியதில் ஏதாவது உங்களைப் புண்படுத்திவிட்டதா? உங்கள் கையெழுத்து வராவிட்டால் தபால்காரருக்கு என் வாசலில் வேலையே இல்லை.

மருமகள்

*

ஏப்ரல் 3

அன்பு மருமகளுக்கு,

நலம். வேலை அதிகம். பள்ளிக்கூடச் சீருடை வந்து குவிந்துவிட்டது. முழங்காலும் நலம், படமும் நலம்.

ஒரு வாடிக்கையாளர் கேட்டார்: காகிதத்தில் எண்ணெய்ப் பெயிண்ட் பட்டுவிட்டால் எடுக்க வழி உண்டா? உங்கள் கூடத்தில் அதற்கு ஏதாவது மருந்து இருக்குமா? அவசரம் இல்லை. அவருக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

மாமா

*

ஏப்ரல் 10

மாமா,

படத்துக்கு என்ன ஆயிற்று?

*

ஏப்ரல் 19

அன்பு மருமகளுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

நான்தான் செய்தேன். போர்டுக்காரர் மேல் தப்பில்லை. "எம்மவன் பாதியில விட்டத முடிச்சுக் குடு" என்றேன். "நடுவுல என்ன போடட்டும்?" என்றார். "ஒரு பாதை போடு. இந்த மலையில இருந்து அந்த மலைக்கு ஆள் போக வழி வேணாமா?" என்றேன். பலகைக்குப் பூசுகிற எண்ணெய்ப் பெயிண்டில் சிவப்பாக ஒரு பாதை போட்டார். அதன்மேல் ஒரு பஸ். பஸ்ஸை நான் கேட்கவில்லை. பழகின தோஷத்துக்கு அவராகச் சேர்த்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. கடை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை விட்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டோம் என்று இருந்தது.

பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் உன் கடிதம் வந்தது.

அவன் சிரித்துக்கொண்டு சொன்னானே, அந்த வரிவரை படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. மீதியை மறுநாள் படித்தேன்.

பிளேடால் சுரண்டினேன். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். எண்ணெய் காகிதத்துக்குள் இறங்கி, பாதையின் இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பரவிவிட்டது. இரண்டாவது மலையின் அந்தக் கோடு பாதிக்கு மேல் போய்விட்டது. துணி என்றால் அதே நிறத்தில் ஒட்டுப் போட்டுத் தெரியாமல் செய்துவிடுவேன். இதற்கு ஒட்டு எங்கே போய் வாங்குவது.

ஒன்றே ஒன்றை அவன் முடித்திருந்தான். அதைப் பாதி என்று நினைத்தேன். வேறு எதையெல்லாம் அப்படி நினைத்தேனோ. யாரைக் கேட்பது.

இன்னொன்று. போர்டுக்காரர் அன்று கேட்டதற்கு நான் கத்தரியைக் காட்டினேனே. அவர் கேட்டது எனக்கு முன்பே தோன்றிவிட்டது, சுவர் இல்லாத வீடு என்று நீ எழுதியபோதே. எனக்குத் தோன்றியது இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் தாங்கவில்லை. அவ்வளவுதான். அது உனக்குக் காட்டிய கத்தரி இல்லை.

மாமா

*

மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலமாக இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. இப்போது பரவாயில்லை.

கோபம். கூடத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்றை உடைத்தேன், கை தவறி என்று எழுதிக் கொடுத்தேன். கை தவறவில்லை. அவருடைய நல்ல காலைகளில் எனக்கு முழுசாக ஞாபகம் இருப்பது அந்த ஒன்றுதான். அதன் மேல் பஸ் விட்டிருக்கிறீர்கள். இதை உங்களிடம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. சொல்லிவிட்டேன்.

ஆனால் அதைக் கட்டிலுக்கு எதிரே இருந்து கழற்றியவள் நான். சுவர் இல்லை என்று எழுதியது பொய். இங்கே நல்ல சுவர்கள் இருக்கின்றன. அந்தப் படத்துக்கு எதிரே இன்னொருவரோடு எப்படிக் கண் விழிப்பது என்றுதான் தெரியவில்லை.

வால்வுதான். வீட்டைப் பார்த்துக் கொடுத்தவரும் அவரே. இப்போதைக்கு நான் மட்டும் இருக்கிறேன். ஜூலையில் பதிவு அலுவலகத்தில் செய்துகொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். உங்களிடம் சொல்லாமல் தேதி குறிக்க மாட்டேன் என்றேன். "சொல்லு, காத்திருக்கேன்" என்றார். நான் சொல்லவே இல்லை. எனக்கு அப்பா அம்மா இல்லை. இது தெரிந்த பிறகு நீங்களும் எழுதுவதை நிறுத்திவிட்டால், நான் நலம் என்று யாருக்கு எழுதுவேன்? அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு கடிதத்திலும் உங்கள் முழங்காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். படத்தையும். வேண்டாம் என்றால் அப்படியே எழுதுங்கள். புரிந்துகொள்வேன்.

உங்கள் மருமகள்

*

மே 27

அன்பு மருமகளுக்கு,

நலம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இரண்டு பேரும் வாருங்கள். படம் சுவரில்தான் இருக்கிறது. உனக்காக எடுத்து ஒளித்துவைக்க மாட்டேன்.

அவருக்குத் தேநீரில் சர்க்கரை உண்டா?

மாமா

*

ஜூன் 18

அன்பு மருமகளுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு நீ போட்ட கார்டு கிடைத்தது. இங்கே எல்லாம் நலம்.

படத்துக்கு முன்னால் நின்று நீ அழுதாய். அழட்டும் என்றுதான் நான் வெளியே போனேன். ஆனால் அதற்குப் பிறகு, நீ உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது உனக்குத் தெரியாது. அவரும் சொல்லியிருக்க மாட்டார், சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் ஏதோ பொத்தான் தைக்கிறவன்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். பரவாயில்லைங்க என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லியிருந்தால் அப்போதே வாசலைக் காட்டியிருப்பேன். சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். வாசல்வரை பின்னால் போனார், கிட்டே வந்தார். அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

"இந்த பஸ் எந்த ஊருக்குங்க போகுது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர் பேர எழுத மறந்துட்டாரு. பொழப்பே அதுதான், அதையே மறந்துட்டாரு" என்றேன். அவரும் சிரித்தார். உன்னைப்போலச் சத்தம் வராத சிரிப்பு. பிறகு மேல் மலையைக் காட்டி, "தண்ணியிலயேவா இதப் பண்ணாரு?" என்று கேட்டார். தண்ணீரோடு வேலை செய்கிறவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். "ஆமா" என்றேன்.

"அவரப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். "அவகிட்ட கேட்டா பாதியில பேச்சு நின்னுடும். அதனால நான் கேக்கறதில்ல."

இரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவன் எப்படிப் போனான் என்று கேட்டார்கள். எப்படி இருந்தான் என்று இவர்தான் கேட்டார். சொன்னேன். நீ தேநீரோடு வந்ததும் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். ஏதோ சண்டை என்று உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். சண்டை இல்லை. காஜா இல்லாத சட்டையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ பாத்திரம் கழுவப் போனதும் டேப்பை எடுத்தேன். "கைய விரிங்க" என்றேன். எதற்கு என்று கேட்காமல் விரித்தார். பதிவு அலுவலகம் என்றால் என்ன, கல்யாணம் கல்யாணம்தானே. கழுத்து, மார்பு, கை எல்லாம் எடுத்தேன். தோளில் டேப்பை வைத்ததும் என் கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டது. அவனைவிட அகலம். எனக்கு டேப் இல்லாமல் தெரிந்த தோள் ஒன்றுதான். யாருக்கு வெட்டினாலும் மனதில் அதை வைத்துக்கொண்டு, அதிலிருந்து கூட்டியோ குறைத்தோதான் வெட்டுவேன். இவருக்கு அப்படி வெட்டவில்லை. இவர் அளவுக்கே புதிதாகக் காகிதம் வெட்டி, அதை வைத்துத் துணியை வெட்டினேன். நேரம் பிடித்தது. அவசரப்படவில்லை.

சட்டை பார்சலில் வருகிறது. போட்டுப் பார்க்கச் சொல். பொருந்தவில்லை என்றால் சட்டையைத் திருப்பி அனுப்பாதே. ஆளை அனுப்பு.

மாமா